வாயிற்படியில் அமர்ந்தவர்கள்

கிளாஸ்கோ நகரத்தில், கிளைடு நதியின் கரைமீது, கண்ணாடிச் சுவர்களோடு எழும்பி நிற்கும் பி.பி.சி. ஸ்காட்லாந்தின் தலைமையகத்துக்குள், 2009-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, ஐம்பது பேருக்கு மேற்படாத ஒரு சிறு கூட்டம் பிரவேசித்து, வரவேற்பு மண்டபத்திலேயே உட்கார்ந்துகொண்டது. செய்தியை மாற்று என்றோ, இன்னாரைக் கண்டித்துப் பேசு என்றோ அவர்கள் கேட்க வரவில்லை. காஸாவில் வீடிழந்து, உணவுக்கும் மருந்துக்கும் தவித்துக்கொண்டிருந்த ஜனங்களுக்காக, பிரிட்டனின் பதின்மூன்று தர்ம ஸ்தாபனங்கள் ஒன்றுகூடித் தயாரித்திருந்த, சில நிமிஷங்களே ஓடக்கூடிய ஒரு நிதி வேண்டுகோளை, மற்றத் தொலைக்காட்சி நிறுவனங்கள் மறுநாள் காட்டவிருந்ததுபோல நீங்களும் காட்டுங்கள் என்பதே அவர்களுடைய கோரிக்கை. முந்தின நாள் லண்டன் போர்ட்லண்ட் பிளேஸில், பி.பி.சி.யின் மாளிகைக்கு எதிரே, ஆயிரக்கணக்கானோர் குளிரில் திரண்டு நின்று இதையேதான் கேட்டிருந்தார்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட சங்கதி இது. ஆனாலும், துன்பப்படுகிறவனுக்காக ஒரு வார்த்தை சொல்வது கட்சி சேர்வதாகுமா என்று அன்று எழுந்த கேள்வி இன்றும் தீரவில்லை. அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் மாளிகைக்குள் சட்ட விரோதமாக நுழைந்த கலகக்காரர்கள் என்று நினைப்போரும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பி.பி.சி.யின்மீது பகை கொண்டு நான் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1941-இல் தொடங்கிய அதன் தமிழோசையைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டுத் திண்ணையில், இராச் சாப்பாடு முடிந்த வேளையில், என் தகப்பனார் ரேடியோப் பெட்டியின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, கரகரப்புக்கும் ஊளைச் சத்தத்துக்கும் நடுவே லண்டனிலிருந்து வரும் அந்தக் குரலைப் பிடித்துவிட்டாரென்றால், பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து படியில் உட்கார்ந்துவிடுவார்கள். பத்திரிகையில் என்ன போட்டிருந்தாலும், 'தமிழோசையில் சொல்லிவிட்டார்களா?' என்று கேட்டு, சொல்லியிருந்தால்தான் நம்புகிறது என்ற வழக்கம் எங்கள் தெருவில் இருந்தது. அந்த நம்பிக்கை எளிதில் கிடைப்பதன்று. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்த ஸ்தாபனம் கவலைப்பட்டதையும் நான் குறை சொல்லமாட்டேன். காப்பாற்றுவதற்கு அது தேர்ந்துகொண்ட வழியைத்தான் குறை சொல்கிறேன்; அப்படிச் சொல்லும் கடமை, அலட்சியமாயிருப்பவனைவிட, அதன்மேல் மதிப்பு வைத்திருந்தவனுக்கே அதிகம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008 டிசம்பர் 27-ஆம் தேதி தொடங்கி 2009 ஜனவரி 18-ஆம் தேதி வரையில் இஸ்ரேலிய ராணுவம் காஸாமீது நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,400 பாலஸ்தீனர்கள் மாண்டார்கள். அவர்களில் 300-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். இஸ்ரேல் தரப்பில் 13 பேர் மாண்டார்கள். பதினைந்து லட்சம் ஜனங்கள் நெருங்கி வாழ்ந்த அந்தக் கடலோரத் துண்டு நிலம், 2007 முதலே தரை, கடல், ஆகாயம் எல்லா வழிகளும் அடைபட்டுக் கிடந்தது. அகதிகளுக்கான ஐக்கிய நாட்டு நிவாரண ஸ்தாபனத்தின் பள்ளிக்கூடங்களில் 50,000 பேருக்கு மேல் பாயும் போர்வையுமாய் ஒண்டியிருந்தார்கள். ஜனவரி 15-ஆம் தேதி காஸா நகரத்திலிருந்த அந்த ஸ்தாபனத்தின் வளாகத்திலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகள் விழுந்து, பசித்தவர்களுக்கென்று சேமித்து வைத்திருந்த மாவும் மருந்தும் கிடங்கோடு எரிந்து போயின. நிவாரணப் பொருளுக்கு வந்த கதியே இதுவென்றால், அதை எதிர்பார்த்திருந்தவர்களின் கதியை விவரிக்க வேண்டியதில்லை.

டிஸாஸ்டர்ஸ் எமர்ஜென்ஸி கமிட்டி என்னும் பேரிடர் நிவாரணக் கூட்டமைப்பு பிரிட்டனில் 1963-இல் ஏற்பட்டது. ஆக்ஸ்பாம், செஞ்சிலுவைச் சங்கம், குழந்தைகளைக் காப்போம், கிறிஸ்டியன் எய்ட், இஸ்லாமிக் ரிலீப் முதலான சங்கங்கள், பெரும் விபத்து நேரும்போது ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கையேந்தாமல், ஒரே குரலில் வேண்டுகோள் விடுத்து, வந்த பணத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு வேலை செய்யும் ஏற்பாடு அது. ஒளிபரப்பு நிறுவனங்கள் அந்த வேண்டுகோளுக்குக் கட்டணமின்றி நேரம் ஒதுக்குவது நெடுநாள் மரபு. காஸாவுக்கான வேண்டுகோளை அவர்கள் முன்வைத்தபோது பி.பி.சி. மறுத்தது, மற்ற நிறுவனங்களும் முதலில் அதன் பின்னாலேயே நின்றன. இரண்டொரு நாளில் ஐ.டி.வி., சானல் 4, பைவ் ஆகியவை மனம் மாறி, ஜனவரி 26-ஆம் தேதி ஒளிபரப்பின. பி.பி.சி.யும் ஸ்கை நிறுவனமும் மாறவில்லை. காண்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸும் யார்க் பேராயர் ஜான் சென்டாமுவும் வற்புறுத்திச் சொல்லியும், நூற்றுக்கு மேற்பட்ட பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கையெழுத்திட்டும், சில நாட்களுக்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் வந்து குவிந்தும், நோபல் சமாதானப் பரிசு பெற்ற முகம்மது எல்பரதேய் தாம் அளிக்கவிருந்த பேட்டிகளை ரத்து செய்தும், அதன் தலைமை நிர்வாகி மார்க் தாம்ஸன் பின்வாங்கவில்லை.

அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. நிலைமை குழப்பமாயிருப்பதால் உதவி உரியவர்களைப் போய்ச் சேருமா என்பது சந்தேகம் என்பது ஒன்று. இன்னும் விவாதத்தில் இருக்கும் ஒரு செய்தியில், வேண்டுகோளை ஒளிபரப்பினால், ஸ்தாபனத்தின் பாரபட்சமின்மையில் பொதுமக்களுக்கு உள்ள நம்பிக்கை குலையும் என்பது மற்றொன்று.

முதல் காரணம் நிற்காது. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பு, 2008 மே மாதத்தில், நர்கிஸ் புயல் பர்மாவின் ஐராவதி முகத்துவாரத்தை அழித்தபோது, அந்நாட்டு ராணுவ ஆட்சியினர் வெளிநாட்டு உதவியாளர்களை வாரக்கணக்கில் உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் வேண்டுகோள் ஒளிபரப்பாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் காங்கோவின் கிழக்குப் பகுதியில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதும் ஒளிபரப்பாயிற்று. 1984 அக்டோபரில் மைக்கேல் பர்க் என்ற பி.பி.சி. நிருபர் எதியோப்பியாவின் கோரம் என்னும் ஊரிலிருந்து அனுப்பிய பஞ்சக் காட்சிகள் உலகத்தையே உலுக்கி, கோடிக்கணக்கில் உதவி திரட்டித் தந்தனவே, அந்தப் பிரதேசமும் உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்ததுதான். வெகு தூரம் போவானேன்? 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நம்முடைய கடற்கரையில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். சுனாமிக்காக அந்தக் கூட்டமைப்பு விடுத்த வேண்டுகோளுக்குப் பிரிட்டன் மக்கள் 39 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். அந்தப் பணத்தின் பங்கு இந்தியக் கரைக்கும் வந்தது. இலங்கையின் கிழக்குக் கரைக்கும் வடக்குக் கரைக்கும் போயிற்று. அந்தக் கரைகளில் சில பகுதிகள் அரசின் ஆதிக்கத்திலும் சில பகுதிகள் விடுதலைப் புலிகளின் ஆதிக்கத்திலும் இருந்தன; நிவாரணத்தை யார் கையால் பங்கிடுவது என்ற தகராறு 2005-இல் இலங்கையின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பங்கீட்டில் தகராறு வரக்கூடும் என்று எண்ணி அன்று வேண்டுகோளை மறுத்திருந்தால் எத்தனை குடிசைகள் எழும்பாமல் போயிருக்கும் என்பது, கட்டுமரத்தையும் வலையையும் ஒரே காலையில் இழந்து நின்றவர்களைக் கண்ணால் பார்த்த நமக்குத் தெரியும். உதவி போய்ச் சேருமா என்பதைக் கணிக்க வேண்டியவர்கள் களத்தில் ஆட்களை வைத்திருக்கும் நிவாரண ஸ்தாபனத்தார். சேர்ப்பிக்க எங்களால் முடியும் என்று பதின்மூன்று சங்கங்களும் சொன்ன பிறகு, சேராது என்று சொல்ல ஸ்டூடியோவில் இருப்பவர்களுக்கு என்ன ஆதாரம்?

இரண்டாவது காரணம் கனமானது. அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பர்மாப் புயலில் பிரிட்டிஷ் மக்களுக்குள் கட்சி பேதம் இல்லை. காஸா விஷயமோ லண்டன் வீதிகளிலேயே மக்களை இரு பிரிவாக நிறுத்திய விஷயம். ஒரு காயம்பட்ட குழந்தையின் முகத்தைக் காட்டி நிதி கேட்டால், காயப்படுத்தியவர் யார் என்ற கேள்வி பார்ப்பவர் மனத்தில் எழாமலிராது. ஆகையால் வேண்டுகோளே ஒரு வாதமாகிவிடும் என்பது அவர்கள் தரப்பின் சாரம். இதை நேர்மையாகவே நம்பினார்கள் என்றுதான் நான் கொள்கிறேன்.

ஆனால் நடுநிலை என்ற சொல்லுக்கு என்ன பொருள்? திருக்குறளில் நடுவுநிலைமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது; அதற்கு உரை எழுதத் தொடங்கும் பரிமேலழகர், பகைவன், அயலான், நண்பன் ஆகிய மூவகையாரிடத்தும் அறத்தை விட்டு நழுவாமல் ஒரே தன்மையாய் நிற்பதே அது என்று பொருள் காண்கிறார். 'அறத்தை விட்டு நழுவாமல்' என்ற நிபந்தனையை நீக்கிவிட்டால் அங்கே எஞ்சுவது ஒதுங்குதலே தவிர நடுநிலை அன்று. வழக்காடும் இருவருக்கு நடுவே நியாயாதிபதி கோணாமல் நிற்க வேண்டும் என்பது வாஸ்தவம்; நியாய ஸ்தலத்தின் வாசலில் ஒரு குழந்தை தாகத்தால் மயங்கி விழுந்தால், அது வாதியின் குழந்தையா பிரதிவாதியின் குழந்தையா என்று விசாரித்து, தீர்ப்பு வரும்வரை தண்ணீர் கொடுக்காமலிருப்பது அவருடைய பதவிக்குரிய தர்மம் ஆகாது. பசித்த குழந்தை எந்த வழக்கிலும் கட்சிக்காரன் அல்லன். மேலும், போரின் நியாய அநியாயத்தைப் பற்றியதன்று இது என்று அந்த வேண்டுகோளே வெளிப்படையாகச் சொல்லியது.

கொசோவோவை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1999 வசந்த காலத்தில் நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியாமீது குண்டு வீசிக்கொண்டிருந்தபோது, அந்த விமானங்களில் பிரிட்டனின் விமானங்களும் இருந்தன. பிரிட்டன் தானே ஒரு கட்சியாயிருந்த போர் அது. அதைக் குறித்தும் பிரிட்டிஷ் மக்களிடையே பலத்த அபிப்பிராய பேதம் இருந்தது. அந்தப் போரின் நடுவிலேயே கொசோவோ அகதிகளுக்கான வேண்டுகோளை பி.பி.சி. ஒளிபரப்பியது, ஐந்து கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. தன் நாடு போரிடும்போது குலையாத பாரபட்சமின்மை, பிறர் போரிடும்போது குலைந்துவிடும் என்று எப்படி நம்புவது? ஒரு சாராருக்குக் கொடுத்ததை இன்னொரு சாராருக்கு மறுப்பதைத்தான் நம் பாஷையில் பட்சபாதம் என்கிறோம்.

இந்த ஸ்தாபனத்தின் சரித்திரத்தில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1926 மே மாதம், பிரிட்டன் முழுவதும் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்த நாட்களில், அப்போதைய காண்டர்பரி பேராயர் ராண்டால் டேவிட்ஸன், இரு தரப்பாரும் சமரசத்துக்கு வர வேண்டும் என்று ஒரு வேண்டுகோளை வானொலியில் வாசிக்க விரும்பினார். நிர்வாகியாயிருந்த ஜான் ரீத், அரசாங்கத்தாரின் மனப்போக்கை அறிந்து, இடங்கொடுக்க மறுத்தார். சில நாட்களுக்குப் பின்னர், வேலைநிறுத்தம் முடிகிற தறுவாயில்தான் அனுமதி கிடைத்தது. பி.பி.சி.யின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த மறுப்பை அதன் பெருமைகளில் ஒன்றாகக் குறிப்பதில்லை. அதே 1926-இல்தான், வாரந்தோறும் ஒரு தர்ம காரியத்துக்காக நிதி கேட்கும் நிகழ்ச்சியையும் பி.பி.சி. ஆரம்பித்தது, அது இன்றுவரை வானொலியில் தொடர்கிறது. ஆகவே, பிறர் துயருக்காகக் கையேந்துவது அந்த ஸ்தாபனத்துக்கு அந்நியமான காரியமன்று. அதன் குழந்தைப் பருவத்திலிருந்தே கூடவந்த வழக்கம்.

இனி, மண்டபத்தில் உட்கார்ந்தவர்களைப் பற்றி. நானும் பத்திரிகைக்கு எழுதுகிறவன். ஒரு கூட்டம் ஆசிரியரின் அறைக்குள் புகுந்து, இன்னதை எழுது, இன்னதை எழுதாதே என்று அதட்டுகிற நிலை வந்தால், அந்தக் கூட்டத்தின் கட்சி நியாயமேயானாலும் நான் அதை எதிர்ப்பேன். செய்தி ஸ்தாபனங்களின் வாசலில் கோஷம் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் எழுவது அச்சந்தான். ஆனால் நம் மொழியில் முற்றுகை என்றும் உள்ளிருப்பு என்றும் தர்ணா என்றும் தனித்தனிச் சொற்கள் வழங்குவதற்குக் காரணம் இருக்கிறது. முற்றுகையிடுகிறவன் எதிராளியின் வழியை அடைக்கிறான். தர்ணா இருக்கிறவன் தன் உடம்பை எதிராளியின் கண்முன் வைக்கிறான், அவ்வளவே. கடன் கொடுத்தவன் கடன்பட்டவனின் வாயிற்படியில் போய்ப் பட்டினியாக உட்காருவது இந்தத் தேசத்தின் பழைய வழக்கம். பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோ, கடன்காரனைச் சுற்றித் தரையில் ஒரு கோடு கிழித்துவிட்டால் கடனைத் தீர்க்காமல் அவன் அந்தக் கோட்டைத் தாண்டமாட்டான் என்றும், ஒரு அந்நிய வியாபாரி கிழித்த கோட்டுக்குள் அரசனே கட்டுப்பட்டு நின்றதைத் தாம் கண்டதாகவும் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கோட்டில் பலாத்காரம் இல்லை. கடனை நினைவூட்டுதல் மட்டுமே இருக்கிறது.

கிளாஸ்கோவில் தரையில் உட்கார்ந்தவர்களும் கடன் கொடுத்தவர்களே. பிரிட்டனில் தொலைக்காட்சி பார்க்கிற குடும்பங்கள் அந்த ஆண்டு 139 பவுண்டு 50 பென்ஸ் உரிமக் கட்டணம் செலுத்தியாக வேண்டியிருந்தது; செலுத்தாவிட்டால் கோர்ட்டுக்குப் போக நேரும். வேண்டாமென்று சொல்லி விலகிவிட, அது காசு கொடுத்து வாங்கும் பத்திரிகை அன்று. சட்டத்தின் பலத்தால் பணம் வாங்கும் ஒரு ஸ்தாபனத்திடம், அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள், கடிதம் எழுதிப் பார்த்து, தொலைபேசியில் சொல்லிப் பார்த்து, வீதியில் ஊர்வலம் போய்ப் பார்த்து, ஒன்றும் பலிக்காத பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தால், அதை அத்துமீறல் என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிடலாகாது. செய்தி வாசிப்பவரின் வாயை அவர்கள் மூடவில்லை. செய்தியில் ஒரு வரியைக்கூட மாற்றக் கேட்கவில்லை. உதவி கேட்கும் ஒரு குரலுக்கு இடமளியுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

மந்திரிகள் தலையிட்டது வேறு விஷயம். சர்வதேச வளர்ச்சி மந்திரியாயிருந்த டக்ளஸ் அலெக்ஸாண்டர் ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு மறுபரிசீலனை செய்யும்படி எழுதினார். அவருடைய நோக்கம் நல்லதுதான். இருந்தபோதிலும், மந்திரி சொன்னார் என்பதற்காக ஒரு ஒளிபரப்பு ஸ்தாபனம் தன் முடிவை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதில் தாம்ஸன் பக்கமே நான் நிற்பேன். இன்று நல்லதற்காகச் சொல்லுகிற மந்திரி நாளைக்கு வேறொன்றுக்காகவும் சொல்லுவார். ஆனால் அரசாங்கத்துக்குப் பணியாமலிருப்பதும் பொதுஜனத்துக்குச் செவிசாய்க்காமலிருப்பதும் ஒன்றல்ல. முன்னது சுதந்திரம், பின்னது பிடிவாதம்.

அந்த வாரத்தின் காட்சிகளில் ஒன்று என் நினைவை விட்டு அகலுவதில்லை. டோனி பென் என்னும் முதியவர், அப்போது அவருக்கு வயது 83. ஐம்பது ஆண்டுக் காலம் அரசியலில் இருந்தவர், மந்திரியாயிருந்தவர், வாலிபத்தில் சிறிது காலம் பி.பி.சி.யிலேயே உத்தியோகம் பார்த்தவர். இந்த விவகாரத்தைப் பற்றிப் பேட்டி காண பி.பி.சி. அவரை அழைத்தது. நீங்கள் ஒளிபரப்பாவிட்டால் நானே சொல்லிவிடுகிறேன் என்று, அந்த நேரலையிலேயே, காஸா நிதிக்குப் பணம் அனுப்ப வேண்டிய தபால் விலாசத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பேட்டி கண்டவர் குறுக்கிட்டுப் பார்த்தும் அவர் விடவில்லை. எழுதிக்கொள்ளுகிறவர்களுக்கு அவகாசம் கொடுப்பதுபோல மறுபடியும் சொன்னார். தர்மத்துக்கு விலாசம் சொல்வதற்கு ஒரு முதியவர் தம் சொந்தத் தேசத்து ஒளிபரப்பு ஸ்தாபனத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் துக்கமாகவே இருக்கிறது.

2009 பிப்ரவரி 19-ஆம் தேதி, மைக்கேல் லயன்ஸைத் தலைவராகக் கொண்ட பி.பி.சி. அறங்காவலர் குழு, வந்த முறையீடுகளை நிராகரித்து, நிர்வாகியின் முடிவு சரியென்று தீர்மானித்தது. அந்த வேண்டுகோளுக்குச் சேர்ந்த தொகை கடைசியில் 83 லட்சம் பவுண்டு. முந்தின ஆண்டு பர்மாப் புயலுக்குச் சேர்ந்தது ஏறத்தாழ இரண்டு கோடி. தேசத்தின் மிகப் பெரிய ஒளிபரப்பு ஸ்தாபனம் ஒதுங்கி நின்றதற்கு இந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது. பங்கே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்தரை ஆண்டுகளுக்குப் பிறகு காஸாவில் மறுபடியும் போர் மூண்டது. 2014 ஆகஸ்டு 8-ஆம் தேதி காலையில் மூன்று நாள் போர் நிறுத்தம் முடிந்து, ராக்கெட்டுகளும் விமானத் தாக்குதல்களும் மீண்டும் தொடங்கிய அதே தினத்தில், அதே கூட்டமைப்பு விடுத்த காஸா வேண்டுகோளை பி.பி.சி. ஒளிபரப்பியது. உதவி போய்ச் சேரும் பாதை முன்னைவிடச் சுலபமாகிவிடவில்லை. விவகாரத்தின் சர்ச்சையும் குறைந்துவிடவில்லை. 2024 அக்டோபரில், காஸாவுக்கும் லெபனானுக்குமாகச் சேர்த்து விடுத்த வேண்டுகோளையும் அது ஒளிபரப்பியது. அப்போதும் குண்டுகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. 2009 ஜனவரியில் முடியாது என்று சொன்ன காரியம், அந்தக் காரணங்கள் அத்தனையும் அப்படியே இருக்கும்போது, பின்னர் இரு தடவை நடந்தேறியது. அப்படியானால் அன்று தர்மத்தைச் சரியாகக் கண்டுகொண்டவர்கள், கிளாஸ்கோ மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சிறு கூட்டத்தாரே.